ஒல்லாந்தர் கல்லறைக்கு வெள்ளையடித்த செல்லம்மா

1955ஆம் வருஷம் ஜூன் இருபதாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணி பஸ்ஸில் ஞானதாஸ் சதுரங்கப்பட்டினத்தை விட்டுப் போனான். பெரம்பூரில் ரயில் பெட்டி கட்டும் தொழிற்சாலை வருகிறது, கை கால் திடமாக உள்ளவனுக்கெல்லாம் வேலை என்று கண்டக்டர் முத்துசாமி மூன்று மாதமாக ஓதிக்கொண்டிருந்தார். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், கழுத்தில் ஜெபமாலை. வழியனுப்ப வந்திருந்தது அக்கா செல்லம்மா ஒருத்திதான்.

பஸ் பத்தடி நகர்ந்த பிறகுதான் இடுப்பில் ஏதோ குத்துகிறதே என்று அவன் தடவிப் பார்த்தான்.

"அண்ணாத்த, வண்டிய நிறுத்து!" என்று கத்திக்கொண்டே ஜன்னல் வழியாக ஒரு சாவியை எறிந்தான். சாண் நீள இரும்புச் சாவி. டச்சுக் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைத் தோட்டத்தின் கதவுக்கு உரியது. நேற்று வரை அந்தக் கோட்டைக்கு அவன்தான் வாச்மேன்.

"இத்த இன்னாடா பண்றது?" என்றாள் செல்லம்மா.

"ரெண்டு நாளு வெச்சிக்கினு இருக்கா. மெட்ராஸ்லேர்ந்து புது ஆளு வருவாரு. அவராண்ட குட்த்துடு."

"வர்லன்னா?"

பதில் புழுதியில் கலந்துவிட்டது. முத்துசாமி மட்டும் படிக்கட்டில் தொங்கியபடி, "வர்லன்னா நீயே வாச்மேன், யக்கா!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்த இரண்டு நாள் ஐந்து மாதமாக நீண்டது. கோட்டையைப் பராமரிக்கும் தொல்பொருள் இலாகாவிலிருந்து ஒரே ஒரு கடிதம்தான் வந்தது. புது ஆள் நியமிக்கப்படும் வரை இப்போது சாவி வைத்திருப்பவரே தினக்கூலிக்குக் காவல் பார்க்கலாம் என்றிருந்தது. தபால்காரர் படித்துச் சொன்னதும் செல்லம்மா அதை மடித்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். மறுநாள் விடிந்ததும் துடைப்பத்தோடு கோட்டைக்குப் போய்விட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. ஒன்பது வயதில் கேளம்பாக்கத்து உப்பளத்தில் இறங்கினவள். உப்புத் தண்ணீரில் வெந்த பாதங்கள் கடைசி வரை பழைய நிறத்துக்குத் திரும்பவில்லை. புருஷன் சாலமோன் பக்கிங்ஹாம் கால்வாயில் படகு தள்ளுகிறவன். விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போனால் திரும்ப பத்து நாளாகும். பிள்ளை இல்லை. உப்பளத்தில் மேஸ்திரி அவளைப் பார்த்து இருபது வருஷமாகச் சொன்னது இரண்டே வார்த்தை: வாரு, கொட்டு. கோட்டைக்கு வந்த பிறகு கண்ணாடி போட்ட மனிதர்கள் அவள் எதிரே நின்று, "இது என்னம்மா? இது எந்தக் காலத்துது?" என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு, அவள் வாய் திறக்கும் வரை காத்திருக்கவும் செய்தார்கள். தன் பதிலுக்காக ஒருவர் காத்து நிற்பது செல்லம்மாவுக்குப் புதிது. அந்த ருசி அவளைப் பிடித்துக்கொண்டது. இந்தச் சாவியை இனி யாருக்கும் கொடுக்க முடியாது என்று ஆடி மாதமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேலையைத் தன் பேருக்கே கேட்டுவிட வேண்டும். அதை யாரிடம், எந்த வாயால் கேட்பது என்பதுதான் விளங்கவில்லை.

அந்தப் பக்கம் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சுற்று உண்டு. காலையில் ரயிலில் செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ்ஸில் திருக்கழுக்குன்றம். மலையேறி, உச்சிவேளையில் குருக்கள் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலைக் கழுகுகள் வந்து தின்பதைப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மாமல்லபுரம். ரதங்கள், கடற்கரைக் கோயில், உருளாமல் நிற்கும் பெரிய பாறை, கல் யானைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ. இந்தச் சுற்றில் சதுரங்கப்பட்டினத்துக்கு இடமே கிடையாது. கழுகு வராத நாளில்தான் அதற்கு யோகம் அடிக்கும்.

"கழுகு வர்லயா? போனா போவுது," என்பார் முத்துசாமி, முகம் வாடி பஸ் ஏறுகிறவர்களிடம். "சதுரங்கப்பட்டினம் வாங்க. அங்க கீறவங்க எங்கயும் பறந்து போவ மாட்டாங்க."

அவர் சொன்னது கோட்டைக்குள் இருந்த பத்தொன்பது கல்லறைகளை. இந்த ஊர்த் தறியில் நெய்த மெல்லிய துணிக்காகக் கப்பல் கட்டி வந்த ஒல்லாந்தர்கள், கடலைப் பார்த்தபடி செங்கல் கோட்டை கட்டினார்கள். துணி கப்பலேறியது, வந்தவர்களில் சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். ஆளுயரக் கருங்கல் பலகைகளில் எழுத்தும் படமும் செதுக்கி மேலே கிடத்தியிருக்கிறது. முந்நூறு வருஷத்துப் பாசியில் எழுத்து எது, வெடிப்பு எது என்று தெரியாது. இலாகாவின் பட்டியலிலேயே ஏழு கற்களுக்கு எதிரே 'படிக்க இயலவில்லை' என்றுதான் இருந்ததாம்.

எழுத்தா செல்லம்மாவுக்கு முக்கியம்? படத்தைப் பார்த்து அவளே பேர் வைத்துவிட்டாள். கப்பல் செதுக்கியிருந்தவர் கப்பக்காரரு. மண்டையோடு இருந்தவர் மண்டையோட்டு ஐயா, பயங்கரக் கோபக்காரர். வாசலோரம் தனியாகக் கிடந்த சின்னக் கல் மட்டும் வெறுங்கல்லாக இருந்ததால் அதற்குப் பேர் வைக்கவில்லை. காலையில் பெருக்கும்போது, "கப்பக்காரரே, காலத் தூக்கு," என்பாள். பார்க்க வந்தவர்களிடமும் இதையேதான் சொன்னாள். சிரித்தார்கள், திரும்ப வரும்போது தெரிந்தவர்களையும் கூட்டிவந்தார்கள்.

அப்படியே கார்த்திகை நெருங்கியது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். செல்லம்மாவின் சனத்துக்கு அது பெரிய நாள். ஒரு வாரம் முன்பே புல் செதுக்கி, தாய் தகப்பன் கல்லறைக்குச் சுண்ணாம்படித்து, சாமந்தி வைத்து மெழுகுத்திரி கொளுத்த வேண்டும். வெள்ளையடிக்காத கல்லறை ஒன்று கிடந்தால் ஊர் உடனே கேட்கும்: பாவம், யாருமில்லையா?

இந்தக் கேள்விதான் செல்லம்மாவைக் குடைந்தது. பத்தொன்பது பேர், ஒருத்தருக்கும் ஒரு கை சுண்ணாம்பு கிடையாது. அதுவும் தன் பொறுப்பில் இருக்கும்போது!

மாதா கோயில் சாமியாரிடம் போய் நின்றாள்.

"அவங்க வேற சபைம்மா," என்றார் சாமியார்.

"வேற சபைன்னா பாசி புடிக்காம கீதா சாமி?"

சாமியார் சிரித்தே விட்டார். கோயிலுக்கு அடித்தது போக மிச்சமிருந்த கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு பானை அவள் தலைக்கு வந்தது. பக்கத்து வீட்டுத் தனகோடி கூடவே வந்தாள். கொஞ்சம் நீலமும் கலந்து, இரண்டு பேரும் மூன்று நாள் அடித்தார்கள். வானம் இருண்டபோதெல்லாம் செல்லம்மா, "அந்தோணியாரே, இந்த ஒரு வாரம் மட்டும் பெய்ய வுடாத," என்று வேண்டினாள். அந்தோணியாரும் சொன்ன பேச்சைக் கேட்டார். புதன்கிழமை மாலை பத்தொன்பது கல்லிலும் திரி எரிந்தது. ஊரே வந்து பார்த்து நன்றாக இருக்கிறது என்றது. அவளுக்கு உள்ளூர ஒரு கணக்கும் இருந்தது: மெட்ராஸ் ஆபீசர் வந்து பார்த்தால், இத்தனை சுத்தமாக வைத்திருப்பவளையா அனுப்புவார்?

ஆபீசர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். வெங்கடராகவன் என்று பேர். நெற்றியில் ஒற்றைக் கோடு திருமண், கையில் தோல் பை, பழைய கல் என்றால் உயிரை விடுகிற மனிதர். கூட ஓர் ஒல்லாந்து அம்மா, நரைத்த தலை, வைக்கோல் தொப்பி. தன் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் டீச்சராம். மாமல்லபுரம் பங்களாவில் தங்கி ரதங்களைப் படம் போட்டுக்கொண்டிருந்தவர், தன் நாட்டுக்காரர்களின் பழைய கல்லறைகளைப் பார்க்க ஆசைப்பட்டார். காலம் கறுக்கவைத்த கற்கள், தொட்டால் சரித்திரம் என்று வெங்கடராகவன் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்.

செல்லம்மா சிரித்த முகத்தோடு கதவைத் திறந்தாள்.

வெங்கடராகவன் வாசலிலேயே நின்றுவிட்டார். தட்டில் வரிசையாக வைத்த இட்லி போல, இளநீல நிழலோடு, பத்தொன்பது கற்கள் வெயிலில் கண்ணைப் பறித்தன.

"யார்... யார் பண்ணினா இதை?"

"நான்தான் சார். தனகோடியும் கூட வந்துச்சு."

"இது என்ன உங்காத்துச் சமையல்கட்டா? முந்நூறு வருஷத்துக் கல்லும்மா! உன்னை யார் சுண்ணாம்படிக்கச் சொன்னா?"

"யாரு சார் சொல்லணும்? கல்லறைத் திருநாளு. நாம வுட்டா அவுங்களுக்கு யாரு கீறாங்க?"

ஒல்லாந்து அம்மா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது. அழவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று செல்லம்மாவுக்குச் சட்டென்று புரிந்தது. ஆபீசரின் கோபத்தைவிட அதுதான் சுட்டது.

வெங்கடராகவன் கணீரென்று உத்தரவு போட்டார். வருகிற வியாழக்கிழமைக்குள் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இருக்கக் கூடாது. இரும்பு படக் கூடாது, புளி படக் கூடாது, உப்புத் தண்ணீர் கூடாது. தேங்காய் நாரும் கிணற்றுத் தண்ணீரும் மட்டும். ஒரு கல்லில் ஒரு கீறல் விழுந்தாலும் விஷயம் போலீசுக்குப் போகும். "வியாழக்கிழமை நான் வரும்போது சாவியை ரெடியா வெச்சிரு. வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அவர்கள் போன பிறகு செல்லம்மா கப்பக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"புளியும் கூடாதாம்," என்றாள் தனகோடி. "பித்தளைக் குண்டான்கூட புளி இல்லாம வெளுக்காதுடி. இந்த ஆளு பாத்திரம் வெளக்கிக்கீறாரா?"

"மழ பேஞ்சா போயிடும்."

"அதான் அந்தோணியாராண்ட சொல்லி நிறுத்தி வெச்சிக்கீறியே. இப்ப போய் பேய்ன்னு சொன்னா அவுரு இன்னா நெனைப்பாரு?"

செல்லம்மாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

மூன்று நாள் தேய்த்தார்கள். சனிக்கிழமை சாலமோனும் படகை விட்டு இறங்கி வந்து, "பொணத்தக் குளிப்பாட்டுற வேலைன்னு சொல்லவே இல்லியே," என்று முனகிக்கொண்டே ஐம்பது குடம் தண்ணீர் இறைத்துக் கொட்டினான். நாரும் தண்ணீருமாகத் தேய்க்கத் தேய்க்கச் சுண்ணாம்போடு பாசியும் சேர்ந்து கழன்றது. ஞாயிற்றுக்கிழமை மாலை பலகைகள் பழைய கறுப்புக்கு வந்தன. ஆனால் செதுக்கிய பள்ளங்களுக்குள் நார் போகவில்லை. அங்கே இருந்த சுண்ணாம்பு பாறையாக இறுகிவிட்டது. சிலேட்டில் பலப்பம் பிடித்து எழுதினது போல, கறுப்புக் கல்லில் எழுத்தெல்லாம் பளிச்சென்று வெள்ளையாக நின்றது.

"அயகா கீதுடி," என்றாள் தனகோடி.

"அயகு யாருக்கு வேணும்? ஒரு பொட்டு இருக்கக் கூடாதுன்னாரு."

இரும்பு படக் கூடாதென்பதால் ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் குடையத் தொடங்கினாள். வயிறு மண்ணில் பட, கல்லோடு கல்லாகப் படுத்துக்கொண்டு குடைந்தாள். ஏணி மாதிரி ஒன்று, கொக்கி மாதிரி ஒன்று, கால் நீட்டி உட்கார்ந்த பொம்பளை மாதிரி ஒன்று. ஒரு கல்லுக்கு ஒரு நாள் ஆனது. வியாழக்கிழமை காலையில் மூன்று கல் முடிந்திருந்தது. பதினாறு பாக்கி.

கார் வந்து நின்றது. ஒல்லாந்து அம்மா அன்று மாலை ரயில் ஏற வேண்டும். போகும் முன் இன்னொரு முறை பார்க்கிறேன் என்று ஆபீசரோடு வந்திருந்தார். உள்ளே நுழைந்தவர் இரண்டே எட்டில் செல்லம்மாவிடம் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஈர்க்குச்சி கீழே விழுந்தது. அந்த அம்மா ஏதேதோ படபடவென்று சொன்னார்.

"என்ன சார், வய்யிறாங்களா?"

வெங்கடராகவன் கப்பல் செதுக்கிய கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிறுத்தச் சொல்றா," என்றார் மெதுவாக. "எழுத்து படிக்க வருதாம்."

ஒல்லாந்து அம்மா தொப்பியைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டு உட்கார்ந்தார். வெள்ளை எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வாய்விட்டுப் படித்தார். அவர் இங்கிலீஷில் சொல்ல, ஆபீசர் தமிழில் சொன்னார். கப்பக்காரர் கப்பக்காரரே இல்லை. கொர்நேலியா என்ற பொம்பளை. துணி வியாபாரியின் பெண்டாட்டி, இருபத்தொரு வயது. புருஷன் கப்பலில் திரும்பி வருவதற்கு ஒன்பது நாள் முன்னால் இறந்திருக்கிறாள்.

"அய்ய, பொம்பளயா?" என்றாள் செல்லம்மா. "அஞ்சு மாசமா காலத் தூக்கு, காலத் தூக்குன்னு சொல்லிக்கினு கீறேனே!"

மண்டையோட்டு ஐயா கோபக்காரர் அல்ல, சமையல் பண்டசாலைக் கணக்குப்பிள்ளை. 'நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகச் சிரித்தான்' என்று அவர் கூட்டாளிகள் எழுதிவைத்திருந்தார்கள். கடைசியாக வாசலோரத்துச் சின்னக் கல். அதிலும் எழுத்து இருந்திருக்கிறது, மூன்றே வரி. அட்ரியான், நாலு வயது, அம்மாவுக்குச் செல்லம்.

அதைக் கேட்டதும் செல்லம்மா எழுந்து போய்க் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

வெங்கடராகவன் அதற்குள் பையிலிருந்து நோட்டை எடுத்து, பஞ்சகச்ச வேட்டி மண்ணாவதையும் பார்க்காமல் உட்கார்ந்து எழுதத் தொடங்கியிருந்தார். 'படிக்க இயலவில்லை' என்ற ஏழில் ஐந்து அன்று படிக்க வந்தது. மிச்ச இரண்டும் செல்லம்மா ஏற்கெனவே சுத்தமாகக் குடைந்துவிட்ட கல்லாகப் போயின. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருந்தது. யார் மேல் என்றுதான் அவருக்கே தெரியவில்லை.

பகல் சாயும் நேரத்தில் செல்லம்மா சாவியைக் கொண்டுவந்து அவர் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கீறல் எதுவும் வுழல சார். நல்லா பாத்துக்கங்க."

அவர் சாவியைத் தொடவில்லை. "சுண்ணாம்படிச்சது தப்புதான். அதுல மாத்தம் இல்லே," என்றார்.

"தப்புதான் சார்."

"பாக்கியை நோண்டாதே. அப்படியே இருக்கட்டும், மழை பார்த்துக்கும்."

"சரி சார்." அவள் நகரவில்லை. ஆடி மாதத்திலிருந்து மனதில் வைத்திருந்ததைக் கேட்டே விட்டாள். "சார், இந்த வேலைய என் பேருக்கே எய்திக் குடுங்க சார். நான் பாத்துக்கறேன்."

"வாச்மேன் போஸ்ட்டும்மா. பொம்மனாட்டிக்கு எப்படித் தர்றது? ரூல்னு ஒண்ணு இருக்கே."

"பொம்பளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு எய்திக் கீதா சார், ரூல்ல?"

வெங்கடராகவன் யோசித்தார். இலாகா விதிகள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பக்கம் பக்கமாக மனதுக்குள் புரட்டிப் பார்த்தார்.

"இல்லே," என்றார் ஆச்சரியத்தோடு. "அப்படி எழுதலே. யாருக்கும் தோணலே போலிருக்கு."

ஒல்லாந்து அம்மாவுக்கு அதை அவர் இங்கிலீஷில் சொன்னார். இந்த முறை அந்த அம்மா வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தார். செல்லம்மாவும் கூடச் சிரித்தாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மெட்ராசுக்குப் போய் மனு எழுதிவிட்டதாக வெங்கடராகவன் ஒரு கார்டு போட்டார். அப்புறம் அவருக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்து வந்தவருக்கு விஷயமே தெரியாது. அதற்கடுத்தவர் பைலைத் தேடுவதாகச் சொன்னார். செல்லம்மா யாரையும் நச்சரிக்கவில்லை, யாருக்கும் சாவியையும் கொடுக்கவில்லை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குத் திரி மட்டும் கொளுத்தினாள். வந்தவர்களுக்குக் கொர்நேலியாவின் கதையையும், நன்றாகச் சாப்பிட்ட கணக்குப்பிள்ளை கதையையும் சொன்னாள். கழுகு வந்த நாளிலும் ஆட்கள் இறங்க ஆரம்பித்தார்கள். "யக்கா, உன்னால என் வண்டிக்குக் கூட்டம் தாங்கல, பேஜாரா கீது," என்று முத்துசாமி அலுத்துக்கொண்டார். பெரம்பூரிலிருந்து லீவில் வந்த ஞானதாஸ், "இன்னுமா புது ஆளு வர்ல?" என்று கேட்டான். "வந்துக்கினே கீறாரு," என்றாள் அவள்.

1959ஆம் வருஷம் செப்டம்பரில் இலாகாவின் நீளமான உறை ஒன்று வந்தது. தனகோடி, சாலமோன், பஸ்ஸை நிறுத்திவிட்டு முத்துசாமி, எல்லோரும் சுற்றி நிற்கத் தபால்காரர் கோட்டை வாசலில் அதைப் பிரித்துப் படித்தார்:

"சதுரங்கப்பட்டினம் ஒல்லாந்தர் கோட்டைக்கு வாச்மேனாக செல்லம்மா என்பவர் நிரந்தரமாக நியமிக்கப்படுகிறார். வாச்மேன் பணி நேரத்தில் சீருடையில் இருத்தல் கட்டாயம். காக்கி அரைக்கால் சட்டை இரண்டும் தலைப்பாகை ஒன்றும் தைத்து அனுப்புவதற்காக, தமது இடுப்பளவையும் தலையளவையும் இக்கடிதம் கண்ட ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்."